இன்னொரு பட்டன்

ஓசூர்ப் பயிற்சிக் கூடத்தின் தகரக் கூரை பகல் வெயிலில் டக்கென்று விரிந்து அடங்குகிறது. லைனுக்கு ரோபோ வரப்போகிறது, கம்ப்யூட்டர் படித்து வாருங்கள் என்று கம்பெனி அனுப்பிய பிரஸ் மிஷின் பெண்கள், ஒவ்வொரு டக்குக்கும் தோளைக் குறுக்கிக்கொள்கிறார்கள். நஞ்சம்மாவின் திரையில் ஒரு பூனை நிற்கிறது. 'பத்து அடி நட' என்ற நீலக் கட்டளை பிளாக்கை, கொடி போட்ட மஞ்சள் பிளாக்குக்கு அடியில் அவள் பிசகாமல் மாட்டிவிட்டாள். பச்சைக் கொடியை அமுக்கினால் பூனை நடக்கும். அவள் அமுக்கவில்லை. வலது கை மவுஸின்மேல் இருக்கிறது. இடது கை, மேசையில் எதுவுமே இல்லாத ஓர் இடத்தைத் தடவிக்கொண்டிருக்கிறது.

“இன்னொரு பட்டன் எங்க மேடம்?”

சொல்லிக்கொடுக்கும் ரேவதி சிரிக்கிறாள். “இதுக்கு ஒண்ணே போதும்க்கா.”

வேறு யாரும் சிரிக்கவில்லை. தகட்டை அழுத்தி வளைக்கும் பிரஸ்ஸில் இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அமுக்கினால்தான் மேலச்சு இறங்கும். கை உள்ளே சிக்காது. வேகம் வேண்டும் என்று ஒரு பட்டனை அமுக்கியபடியே டேப் போட்டு ஒட்டியிருந்த அன்று, மற்றதை அமுக்கியவள் நஞ்சம்மா. உள்ளே தகட்டை நேராக்கிக்கொண்டிருந்தவள் சுமலதா. இப்போது பக்கத்து நாற்காலியில் இடது கையால் மவுஸ் பிடித்திருப்பவளும் அவள்தான். இரண்டே விரல் உள்ள வலது கை மேசைமேல் கிடக்கிறது. நஞ்சம்மா பூனையைப் பார்க்கவில்லை, அந்தக் கையைப் பார்க்கிறாள்.

சுமலதா அதை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள்.

“கைய எடுத்துட்டேன்க்கா. நீ அமுக்கு.”