சிங்கிள் ஓனர்

“வண்டி இருக்கு, தாராளமா வாங்க. வியாழக்கிழமை வர்றீங்களா? மதியச் சாப்பாடு இங்கதான், இப்பவே சொல்லிட்டேன்.” கணப்பய்யா போனை வைத்தார். முகமெல்லாம் சிரிப்பு.

கார் வாங்க வந்து எதிரே உட்கார்ந்திருந்த சுதீந்திரா அந்தப் போனையே பார்த்தான். போட்டிக்கு இன்னொரு ஆள் முளைத்துவிட்டான். இனி கிழவர் விலையை ஏற்றாமல் விடமாட்டார்.

அவனுக்குக் காத்திருக்க நேரமில்லை. மனைவி பூர்ணிமாவுக்கு நிறைமாதம்; ஆஸ்பத்திரி இருப்பதோ ஷிமோகாவில். போன வாரம் பரிசோதனைக்குப் போகும்போது அவனுடைய பழைய கார் காட்டு நடுவே, கொட்டுகிற மழையில் நின்றுவிட்டது. ஒரு பால் வண்டி வந்து ஏற்றிக்கொள்ளும்வரை பூர்ணிமா அவன் கையை விடவேயில்லை. “இனிமே இதுல நான் ஏறமாட்டேன்” என்று மட்டும் சொன்னாள்.

அதன்பிறகு சாகரா முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினான். ஒரு காரில் அடியெல்லாம் துரு. இன்னொன்று எங்கோ மோதி நசுங்கியதைத் தட்டி நிமிர்த்திப் பெயின்ட் பூசியது. கடைசியில் போனில் இந்த விளம்பரம் கண்ணில் பட்டது. வெள்ளை நிறச் சின்னக் கார். சிங்கிள் ஓனர், பெரியவர் ஓட்டியது.

ஞாயிற்றுக்கிழமை வந்தபோது, ஷெட்டு வரைக்கும் ஒரே சேறு, மழை விட்டதும் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார் கணப்பய்யா. வயிறு முட்ட, அரிசி மாவில் தட்டிய அக்கி ரொட்டி போட்டுத்தான் அனுப்பினார். இன்று நல்ல வெயில்.

“வண்டியைப் பார்த்திடலாமா ஐயா?”

“பார்க்கலாம்ப்பா, அது எங்க ஓடிப்போகுது? முதல்ல இந்த மல்லிக் கஷாயத்தைக் குடி. ஆறிப்போனா நல்லாருக்காது.”

சுதீந்திரா ஒரே மூச்சில் குடித்தான். டம்ளர் காலியானதுமே கிழவர் மறுபடி நிரப்பினார்.

“என் கிளச்சைப் பத்திச் சொன்னேனா?”

“ஞாயித்துக்கிழமையே சொன்னீங்க ஐயா.”

“பின் சீட்டைப் பத்தி?”

“இல்ல.”

“புத்தம் புதுசுப்பா. எங்களுக்குப் பிள்ளைகுட்டி கிடையாது. அவ எப்பவும் முன்னாடி, என் பக்கத்துலதான். கியர் மாத்தும்போதெல்லாம் ‘மெதுவா, மெதுவா’ன்னு ஒரு வார்த்தை. அவ போனப்புறம் முன் சீட்டும் சும்மாதான் கிடந்தது.”

“அதனாலதான் விக்கறீங்களா?”

“கண்ணு சரியில்ல. அதோட, வண்டி எடுத்துக்கிட்டு எங்க போறது? யாரைப் பார்க்க?”

சுதீந்திரா டம்ளரைக் கீழே வைத்தான். முற்றத்தைப் பார்த்தான். பாக்குத் தோட்டத்தை ஒட்டி ஷெட்டு இருந்தது. சாத்திய கதவு வரைக்கும் முழங்கால் உயரத்துக்குப் புல். சக்கரம் பட்ட தடமே இல்லை. அதிகம் ஓடாத வண்டி, என்ஜின் நன்றாகவே இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

சட்டைப்பையில் போன் அடித்தது. பூர்ணிமா.

“பார்த்தாச்சா? எப்படியிருக்கு?”

“இதோ, பார்க்கப் போறேன்.”

“போய் ஒரு மணி நேரமாச்சு, இன்னும் பார்க்கலையா? கதை கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கியா?”

அவன் எழுந்து நின்றான். “ஐயா, மனசுல இருக்கறதைச் சொல்லிடுங்க. வியாழக்கிழமை வர்ற ஆளுக்குத்தான் குடுக்கப்போறீங்கன்னா நான் வேற இடம் பார்த்துக்கறேன். என் வீட்டுக்காரிக்கு எந்நேரமும் வலி எடுக்கலாம். நின்னு நின்னு போற வண்டியை வெச்சுக்கிட்டுத் தவிச்சுக்கிட்டிருக்கேன்.”

கணப்பய்யாவின் கையிலிருந்த கஷாயப் பாத்திரம் மெல்ல மேசைக்கு இறங்கியது.

“இதை ஞாயித்துக்கிழமையே ஏன் சொல்லல?”

“நீங்க எங்க ஐயா பேச விட்டீங்க?”

கிழவர் எழுந்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, “வா” என்று முற்றத்தில் இறங்கினார்.

புல்லை விலக்கிக்கொண்டு நடக்கையில், “சாகரா பஸ் ஸ்டாண்டுல நரசிம்மான்னு ஒரு டாக்ஸிக்காரன் இருக்கான்” என்றார் திரும்பாமல். “தங்கமான பையன். எந்நேரம் கூப்பிட்டாலும் வருவான். இன்னிக்கே நான் சொல்லி வெக்கறேன். புது வண்டி அமையற வரைக்கும் அந்தப் பொண்ணை உன் வண்டியில ஏத்தாதே.”

கைநழுவிவிட்டது என்று சுதீந்திராவுக்குப் புரிந்தது. இருந்தாலும் அந்த வண்டியை ஒரு தடவையாவது பார்த்துவிடவேண்டும் போலிருந்தது.

துருப்பிடித்த தாழ்ப்பாள் லேசில் அசையவில்லை. இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். கதவு முனகிக்கொண்டே திறந்தது.

உள்ளே ஒரு பழைய டயர். தரையில் காய்ந்துபோன எண்ணெய்க் கறை. வேறொன்றும் இல்லை.

“வண்டி எங்க ஐயா?”

“மழைக்காலத்துக்கு முன்னாடியே வித்தாச்சு.”

“வித்தாச்சா! அப்ப எதுக்கு விளம்பரம்? எதுக்கு வர்றவங்களையெல்லாம் வரச் சொல்றீங்க?”

கணப்பய்யா கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார். அவனை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

“அந்த விளம்பரத்தை எடுத்துட்டா, போனே அடிக்காதுப்பா.”