பார்த்து எடுத்த பிள்ளை

“இவன்ட விலை ரெண்டு டொபி, மகள். அதுக்கு மேல ஒரு சதமும் குடுக்கல்ல.”

மீன்பிடி வலைக்கடை முதலாளி சரீப், கல்லாவில் நின்ற மகன் றிஸ்கானைக் காட்டிச் சொன்னார். எதிர்க் கதிரையில் இருந்த பல்கலைக்கழக மாணவி லக்சனாவின் பேனை நின்றுவிட்டது.

எடுத்து வளர்க்கும் பிள்ளைக்குக் குணம் பெற்றவரின் இரத்தத்தால் வருகிறதா, வளர்த்தவரின் வீட்டால் வருகிறதா என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டும். பிந்தினால் பட்டமும் இல்லை, விரிவுரையாளர் வேலையும் இல்லை. அவளுடைய தங்கமான சாட்சி றிஸ்கான். சற்று முன்புகூட, புல்மோட்டையிலிருந்து வந்த படகுச் சம்மாட்டி ஒருவருக்கு விலையைக் குறைத்துக் குறைத்தே கூடிய விலைக்கு வலையை விற்று அனுப்பியிருந்தான். சரீப்பை அப்படியே உரித்து வைத்ததுபோல. வளர்ப்புத்தான் காரணம் என்று முடிவுரையையே எழுதிவிட்டாள். ஒரு சம்பிரதாயத்துக்குத்தான், சிறுவர் இல்லத்தில் இவனை எப்படித் தந்தார்கள் என்று கேட்டிருந்தாள்.

தந்தார்களா? சரீப்புக்குச் சிரிப்பு வந்தது. ஒரு பந்து நூல் வாங்கினாலும் இழுத்துப் பார்த்துத்தான் வாங்குவாராம். பிள்ளையைப் பாராமல் எடுப்பாரா? நாலு பையன்களை வரிசையில் நிறுத்தி ஆளுக்கொரு டொபி நீட்டினாராம். மூன்று பேர் வாங்கி வாயில் போட்டார்கள். ஏழு வயது றிஸ்கான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, ரெண்டு தந்தால் வருகிறேன் என்றானாம்.

“யாவாரி ரத்தம். அங்கேயே முடிச்சிட்டன்.”

லக்சனா எழுதி வைத்த முடிவுரையைப் புரட்டினாள். எந்தப் பிள்ளை எந்த வீட்டுக்கு என்று யாரும் பார்த்துப் பொறுக்கவில்லை என்ற நம்பிக்கையில்தான் அவளுடைய ஆராய்ச்சி முழுவதும் நின்றது. இப்போது பார்த்தால் வளர்ப்பு வெல்லவில்லை. பொறுக்கி எடுத்த இரத்தம் வென்றிருக்கிறது. முடிவுரையை அடியோடு மாற்ற வேண்டியதுதான்.

சரீப் தேத்தண்ணிக்குச் சொல்ல உள்ளே போனதும், றிஸ்கான் மெல்ல அருகில் வந்தான்.

“வாப்பாட்ட சொல்லிப்போடாதீங்க, மிஸ். இல்லத்து வாசல்ல இவர் ஓட்டோக்காரனோட இருபது ரூபாக்கு மல்லுக்கட்டினத யன்னலால பாத்துக்கொண்டு நிண்டனான். இந்த மனிசனுக்கு என்ன பிடிக்குமெண்டு விளங்கிட்டு. அதுக்கு முதல் நாள் ஒரு பள்ளிக்கூட மாஸ்டர் பிள்ளை பாக்க வந்தவர். அவருக்கு வாய்ப்பாடு சொல்லிக் காட்டினனான்.”

லக்சனா கணக்கைத் திருத்தினாள்: இரத்தம் பூச்சியம், வளர்ப்பு பூச்சியம், தகப்பனைப் பொறுக்கி எடுத்த பிள்ளை ஒன்று, திங்கட்கிழமைக்கு முடிவுரை பாக்கி.