மேல்மாடி ராணியின் பல்செட்

காலை பதினோரு மணி வெயிலில், அரண்மனையின் மேல்மாடி ஜன்னலில் செத்துப்போன ராணி நிற்கிறாள். உயிரோடுதான் நிற்கிறாள். அது கீழே இருப்பவர்களுக்குத் தெரியக்கூடாது என்பது அண்ணன் மகனான இளவரசரின் உத்தரவு. சுண்ணாம்பு உதிர்ந்த முற்றத்தில், வாடகைத் தலைப்பாகைக்குள் வியர்த்தபடி, இளவரசர் சுற்றுலாக் கூட்டத்திடம் குரலைத் தாழ்த்துகிறார். "இருநூறு வருஷமா பசியோட அலையறாங்க. யாரும் கை காட்டாதீங்க, கோவம் வந்துடும்." கன்னம் ஒட்டியிருந்தால்தான் முகத்தில் பேய்க்களை வருகிறதாம். அதனால் தினமும் விடிந்ததும் அத்தையின் பல்செட்டை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார். கடைசிக் கூட்டம் போன பிறகுதான் திருப்பித் தருவார். மாடிக் கதவுக்கு வெளிப்பூட்டு. தட்டில் நேற்றைய ரொட்டி, மரக்கட்டைபோல. ஈறால் சப்பிச் சப்பி ஓய்ந்துபோன அத்தைக்கு இன்று பொறுக்கவில்லை. கம்பிக்கு வெளியே கையை நீட்டி, அந்தத் தலைப்பாகையைக் குறிவைத்து ரொட்டியை வீசுகிறாள். "நான் சாகலடா, கட்டையில போறவனே! பல்லைக் குடுடா!" பொக்கை வாயிலிருந்து காற்றுதான் வருகிறது. கூட்டம் அலறுகிறது. "அய்யய்யோ, என்ன சொல்றாங்க?" என்கிறாள் கைக்குழந்தைக்காரி ஒருத்தி. காலடியில் விழுந்த ரொட்டியை எடுத்து நீட்டுகிறார் இளவரசர்: "ஆசீர்வாதம் பண்றாங்கக்கா. அந்தக் காலத்து ரொட்டி, தொட்டுப் பாருங்க, கல்லாவே ஆயிடுச்சு." ஆளாளுக்குத் தட்டிப் பார்க்கிறார்கள், படம் பிடிக்கிறார்கள், கடைசியில் கைக்குழந்தைக்காரி அதைக் கைக்குட்டையில் பொதிந்து பைக்குள் வைத்துக்கொள்கிறாள். கம்பியில் முகத்தை அழுத்தியபடி, தன் மதியச் சாப்பாடு வாசலைத் தாண்டிப் போவதை அத்தை பார்க்கிறாள். முற்றம் காலியானதும் இளவரசர் அண்ணாந்து, வாயெல்லாம் பல்லாகக் கத்துகிறார்: "பிரமாதம் அத்தை! அடுத்த கூட்டத்துக்கு இன்னொரு ரொட்டி அனுப்பறேன். இதே மாதிரி வீசுங்க!"