அரை வயிறு

தையல்காரர் குட்டித் தராசில் சோற்றை நிறுத்து, கூடுதலாக இருந்த ஒரு கரண்டியைப் பாத்திரத்திலேயே திருப்பிப் போட்டார்.

“இந்த வருஷத்துல மூணாவது தடவையா உங்க பேண்ட் இடுப்பைப் பிடிச்சுத் தச்சிருக்கீங்க,” என்றாள் மனைவி. “ஊரார் துணியைவிட உங்க துணிதான் மெஷின்ல அதிகம் ஏறுது.”

“அரை வயித்துக்குச் சாப்பிட்டா ஆயுசு கூடுமாம்.”

“அறுபத்திரண்டு ஆச்சு. இன்னும் எத்தனை வருஷம் வேணுமாம்?”

“முப்பது வருஷமாவது வேணும்.”

“பேராசைதான்.”

“ஆமா,” என்றார்.

உள்ளறையிலிருந்து “அப்பா” என்று குரல் வந்தது. எழுந்து போனார். பிறவியிலிருந்தே நடக்க முடியாத முப்பத்தைந்து வயது மகள், சக்கர நாற்காலிக்கு மாற்றச் சொல்லிக் கைகளை நீட்டினாள். அவளை விட்டுவிட்டு முந்திப் போய்விடக் கூடாது. அவருடைய பேராசை அவ்வளவுதான்.

அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார். பாதி உயரத்திலேயே முழங்கால் மடங்கி, அவளோடு கட்டிலில் சரிந்தார்.

“பரவால்லப்பா. அம்மாவையும் கூப்பிடு,” என்றாள் மகள்.

இருவருமாகத் தூக்கி உட்கார வைத்தார்கள். அவர் திரும்பி வந்து, தராசை அலமாரியின் மேல் ஏற்றிவிட்டுத் தட்டை மனைவியிடம் நீட்டினார்.

“போடு. சாயந்திரம் மறுபடி தூக்கணும்.”