வெள்ளிக்கிழமை மண்

"ஏட்டய்யா, என் மண்ணைத் திருடிக்கினு போறான்."

ஏட்டு பொன்ராஜ் சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். "மண்ணையா? யாரு?"

"அது தெரிஞ்சா உன்னாண்ட ஏன் வர்றேன்? வெள்ளிக்கிழமை நான் மயிலாப்பூருக்கு ஜும்மா தொழப் போற நேரமா பார்த்து வர்றான். திரும்பி வந்தா வரப்பெல்லாம் கழுதைக் குளம்படி. மேல்மண்ணைச் சுரண்டிக்கினு போயிருக்கான்."

"நிலம் அங்கேயேதான கீது, சாயபு?"

"கீது. ஆனா தேஞ்சுக்கினு வருது."

அடையாற்று முகத்துவாரத்தருகே ஹபீபுர் ரஹ்மான் சாயபு வாங்கிப் போட்ட அந்த நிலத்தின் உப்பு ஊரறிந்த உப்பு. அங்கே மேய்ந்த ஆட்டைக் குழம்பு வைத்தால் தனியாக உப்புப் போட வேண்டியதில்லை. அதன் ஓரத்துத் தென்னையில் இளநீர் குடித்தவன் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டு வருவான். போன வருஷம் நட்ட நாற்று காயக்கூட இல்லை. ஊறுகாயாகி அப்படியே நின்றது.

யுத்த காலம். அரிசிக்கு ரேஷன். நிலம் உள்ளவன் எல்லாம் பயிர் வை என்று சுவருக்குச் சுவர் சர்க்கார் எழுதி வைத்திருந்தது. நிலம் இல்லாத சாயபு அதைப் படித்து ரோஷப்பட்டு, மனைவி அஸ்மத்துன்னிசாவின் வளையல்களை விற்று இதை வாங்கினார்.

அன்றைக்கே அவள் சத்தியம் செய்துவிட்டாள். "அந்த நிலத்துல பச்சை தெரியற வரைக்கும் உங்களோட ஒரு வார்த்தை பேசமாட்டேன்."

மூன்று வருஷமாக அவள் பேசுவதெல்லாம் வீட்டுச் சேவலிடம்தான்.

"சேவலே, சோறு ஆறுதுன்னு சொல்லு."

"சேவலே, அந்த மனுஷன் குடையை மறந்துட்டுப் போறாருன்னு சொல்லு."

ஒரு தடவை சேவலுக்குச் சீக்கு வந்து வீடே ஊமையாகிவிட்டது. சாயபு அதற்குப் பார்த்த வைத்தியம் தனக்குக்கூடப் பார்த்துக்கொண்டதில்லை.

நிலத்துக்கும் அவர் பார்க்காத வைத்தியம் இல்லை. வரப்பை உயர்த்தி மழைத்தண்ணீரைத் தேக்கினார். உப்பு கரைந்ததும் வாய்க்கால் வெட்டி ஆற்றுக்கு வடித்தார். மடக்கி உழுதால் மண் தேறும் என்று தக்கைப்பூண்டு விதைத்தார். நாலு நாள் வெயில் அடித்தால் போதும், அடியில் பதுங்கியிருந்த உப்பு மறுபடி மேலே வந்து வெள்ளை வெளேரென்று பூத்துவிடும்.

இந்தத் தடவையும் விதைத்திருந்தார். முளைத்ததா என்று பார்க்கத்தான் பயம். தினமும் வரப்புவரை போய்த் தலையைக் குனிந்தபடியே திரும்பிவிடுவார்.

அந்த வெள்ளிக்கிழமை தொப்பி போட்டு, அத்தர் பூசி, தொழப் போகிறவர் மாதிரியே கிளம்பினார். நேரே ஏட்டோடு தாழம்புதருக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.

உச்சிவேளையில் சைதாப்பேட்டைப் பக்கமிருந்து இரண்டு கழுதைகள் வந்தன. பின்னால் மண்வெட்டியோடு சலவைக்காரன் வெள்ளைத்துரை.

சாயபு புதரைப் பிய்த்துக்கொண்டு பாய்ந்தார். "அட நமக் ஹராம். என் உப்பைத் தின்னு எனக்கே துரோகமா?"

"தின்னல சாயபு," என்றான் வெள்ளைத்துரை. "துவைச்சேன்."

"இன்னாது?"

"யுத்தத்துல சலவை சோடா எங்க கிடைக்குது? இந்த உவர்மண்ணுலதான் வெளுக்கறேன். நீ போட்டுக்கினு கீற ஜிப்பா இன்னா சும்மாவா இப்பிடிப் பளபளன்னு கீது?"

சாயபு தன் ஜிப்பாவைக் குனிந்து பார்த்தார். திருட்டு மண் கண்ணைப் பறித்தது.

"புடி ஏட்டய்யா இவனை."

பொன்ராஜ் தலையைச் சொறிந்தார். "புடிச்சுடலாம். நாளைக்கு என் உடுப்பை யாரு வெளுக்கறது?"

"அதுக்காகக் களவாணியை விட்டுடுவியா?"

"களவாணி கிளவாணின்னு பேசாத சாயபு. கேட்டுக்கினுதான் அள்றேன்," என்றான் வெள்ளைத்துரை.

"யாராண்ட கேட்ட?"

அவன் கழுதையைப் பார்த்தான். "சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினாங்க."

தடயம் பார்க்கிறேன் பேர்வழி என்று வயலுக்குள் இறங்கிய பொன்ராஜ் நடுவில் நின்றுவிட்டார்.

"சாயபு, கொஞ்சம் இங்க வா."

"இன்னா?"

"இவன் ஏற்கெனவே திருடின பக்கமெல்லாம் முளைச்சு நிக்குது. இன்னும் திருடாத பக்கம் மொட்டையா கீது. நான் யார் மேல கேஸ் எழுதறது?"

சாயபு முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினார்.

சாண் உயரத்துக்குத் தக்கைப்பூண்டு. பாதி நிலம் பச்சை. அதன் மேலிருந்த உப்பெல்லாம் சைதாப்பேட்டை ஆற்றில் ஊரார் வேட்டியோடு போய்விட்டிருந்தது.

ஜும்மாவைத் தவறவிட்ட மனுஷர் அங்கேயே மண்ணில் நெற்றியை வைத்தார். எழுந்தபோது உதட்டில் ஒட்டியிருந்ததை நாக்கால் தொட்டுப் பார்த்தார். அவ்வளவாகக் கரிக்கவில்லை.

ஒரு செடியை வேரோடு பிடுங்கிக்கொண்டு ஓட்டமாய் ஓடினார்.

வாசலில் அஸ்மத்துன்னிசா சேவலுக்கு நொய் போட்டுக்கொண்டிருந்தாள். சாயபுவுக்கு மூச்சு வாங்கியது. செடியை அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டுக் காத்து நின்றார்.

அவள் செடியைப் பார்த்தாள். சேவலைப் பார்த்தாள். சேவல் வழக்கம்போலக் காதைக் கொடுத்தது. அதன்மேல் கூடையைக் கவிழ்த்து மூடிவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, அடுத்த வெள்ளிக்கிழமையாவது ஒழுங்கா தொழப் போங்க. இன்னும் பாதி நிலம் சுரண்டாம கீது."