கசிவுத் தொட்டி

வெள்ளத் தடுப்பணையின் அடியில், பத்து மணி வெயிலில், லினெட் குந்தியிருக்கிறார். மண்கரை வழியே எவ்வளவு நீர் கசிகிறது என்று அளப்பதற்கென்றே அங்கு ஒரு சிமெண்டுத் தொட்டி இருக்கிறது. மாதந்தோறும் வந்து அளவைக் குறிப்பது அவருடைய பணி. மூன்று மாதங்களாக அளவு குறைந்துவருகிறதென்று அலுவலகம் பாராட்டுக் கடிதமே அனுப்பிவிட்டது. காரணமோ இப்போது கண்ணெதிரே கிடக்கிறது: தொட்டிக்கு மேலேயே கசிவில் செருகப்பட்டு, வேலியைக் கடந்து, அங்கே நிற்கும் தோட்டக்காரர் சின்னையாவின் கங்கோங் கீரைப் பாத்திக்குப் போகும் பச்சை ரப்பர் குழாய். “அண்ணே, இது அளக்கிற தண்ணி! வேலியில போர்டு இருக்கே, பார்க்கலையா?” “பார்த்தேன்லா. மூணு பாஷையிலயும் குளிக்காதே, மீன் பிடிக்காதேன்னுதான் இருக்கு. கீரைக்கு ஊத்தாதேன்னு எங்கம்மா இருக்கு?” சின்னையா சிரிக்கிறார், கையில் இரண்டு கட்டுக் கீரையை வேறு நீட்டுகிறார்.

லினெட் குழாயைப் பிடுங்கி எறிகிறார். திரும்பிய நீர் தொட்டியில் ஏறுகிறது. ஆபத்தைக் குறிக்கும் சிவப்புக் கோட்டை மூழ்கடித்து, அதற்கு மேலும் ஏறுகிறது. அதில் செம்மண் புகைபோலப் படர்கிறது. கரை உள்ளுக்குள் அரிபடுகிறது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. “எப்போலேர்ந்துண்ணே இப்படிக் கலங்கலா வருது?” “நாலு நாளா. செடிக்கு நல்லதுன்னு விட்டுட்டேன்.” லினெட் கைப்பேசியில் அலுவலகத்தை அழைக்கிறார்; மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, யாரும் எடுக்கவில்லை. கீழே டத்தோ கிராமாட் குடியிருப்பின் கூரைகள் வெயிலில் மின்னுகின்றன. “எடுங்க பாஸ்,” என்கிறார் லினெட், பல்லைக் கடித்துக்கொண்டு. “எடுங்க!”