இடது கைத் தாம்பூலம்

ஒரே ஒரு ஊரிலே ஒரு கொலுவாம். ஊர் பேர் பிளானோ. அக்டோபர் வந்தும் வெயில் தணியாத டெக்ஸாஸ்.

கொலு வைத்தவள் ஷ்யாமளா. அன்றைக்கு அவள் வீட்டுக்கு டாக்டர் வான்மதி வந்திருந்தார். அறுந்த விரலைக்கூட ஒட்டித் தருகிற கை ஸ்பெஷலிஸ்ட். கூடவே அவர் கிளினிக் நர்ஸ் அல்போன்சா.

"வாங்க டாக்டர், சீக்கிரம் உள்ள வாங்க. ஏசி எல்லாம் வெளிய போகுது."

ஷ்யாமளாவின் இரண்டு கையிலும் சுண்டல் தட்டு. இடுப்பாலேயே கதவை இடித்துச் சாத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே ஓடினாள். கொலு முன்னால் யாரோ ஒரு குழந்தை மைக்கில் பாடிக்கொண்டிருந்தது.

வான்மதி வந்து உட்கார்ந்தார். முகத்தில் சிரிப்பே இல்லை. வலது கை புடவைத் தலைப்புக்குள் இருந்தது.

"சுண்டல் எடுத்துக்கோங்க டாக்டர்."

"வேண்டாம்மா. ஐஸ் தண்ணி கிடைக்குமா?"

வெள்ளி டம்ளரில் வந்தது. ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. தலைப்புக்குள் வைத்துக்கொண்டார்.

"நம்ம வீட்டுத் தண்ணிகூட ஆகாதாம்," என்று சமையலறையில் தோழி அஞ்சனாவிடம் முணுமுணுத்தாள் ஷ்யாமளா. "நாலு பேர்கிட்ட பெருமையா சொல்லி வச்சேன் பாரு, என்னைச் சொல்லணும்."

கொஞ்ச நேரத்திலேயே வான்மதி எழுந்துவிட்டார். "கிளம்பறேன்மா."

ஷ்யாமளா வெற்றிலை பாக்கும் மஞ்சளும் நீட்டினாள். வான்மதி இடது கையை நீட்டி வாங்கினார்.

"டாக்டர், அந்தக் கையாலயா?"

"தப்பா எடுத்துக்காதீங்க."

அவ்வளவுதான். வாசலில் அல்போன்சா குனிந்து அவருடைய செருப்பு வாரை மாட்டிவிட்டாள்.

"பாத்தியா அஞ்சனா? செருப்பு மாட்டி விடவும் ஆள் வேணும்." காதில் விழட்டும் என்றுதான் சொன்னாள்.

டாக்டரைக் காரில் உட்காரவைத்துவிட்டு அல்போன்சா மட்டும் திரும்பி வந்தாள்.

"ஆன்ட்டி, ஒரு ஜிப்லாக் பையில கொஞ்சம் ஐஸ் தர்றீங்களா?"

ஷ்யாமளா கொண்டுவந்து கொடுத்தாள். கொடுக்கும்போது வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏம்மா, உங்க கை ஸ்பெஷலிஸ்ட்டுக்கு எது வலது கைன்னு தெரியாதா?"

அல்போன்சா ஐஸ் பையை வாங்கிக்கொண்டாள்.

"வலது கையில ரெண்டு விரல் நசுங்கிடுச்சு ஆன்ட்டி. எலும்பு உடைஞ்சிருக்கும்னு அவங்களே சொல்றாங்க. நாளைக்கு ஆபரேஷன் எல்லாம் கேன்சல் பண்ணச் சொல்லிட்டாங்க. இனிமே அந்தக் கையால கத்தி பிடிக்க முடியுமான்னு... தெரியல."

"அடப்பாவமே. எங்க ஆச்சு?"

"சொல்லக் கூடாதுன்னாங்க. கொலு வச்சிருக்கிற வீடு, அவங்க மனசு கஷ்டப்படுவாங்கன்னு."

"யாரு?"

அல்போன்சா கதவைப் பார்த்தாள்.

"செருப்பைக் கழட்ட இந்த வாசல் நிலையைப் பிடிச்சிட்டு நின்னாங்க ஆன்ட்டி. அப்பதான் நீங்க ஏசி போகுதுன்னு..."

முடிக்காமலே ஐஸ் பையோடு காரைப் பார்த்து நடந்தாள்.

கார் போய்விட்டது. ஏசி எல்லாம் வெளியே போய்க்கொண்டிருந்தது. கதவைச் சாத்த ஷ்யாமளாவுக்குக் கை வரவில்லை.